பாட்டுப் புத்தகத்தில் இருந்த முகங்கள்: தமிழ் இளமைப் படங்களும் நட்சத்திர ஈர்ப்பும்

பதின்ம வயதில் ஒரு நடிகர்மீதோ நடிகைமீதோ மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் ஈர்ப்பு, ரசிகர் மன்றத்தின் ஆரவாரத்திலிருந்து வேறானது. மன்றம் தெருவில் இயங்கியது. அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. முதல் நாள் முதல் காட்சிக்குத் தோரணமும் கட்-அவுட்டும் உண்டு. பல ஊர்களில் கட்சி அரசியலோடு நேரடித் தொடர்பும் உண்டு. ஈர்ப்புக்கு இவை எதுவும் கிடையாது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலும், பீரோக் கதவின் உட்புறத்திலும், ஒரே ஒரு தோழியிடம் சொன்ன ரகசியத்திலும் அது இருந்தது. எம்.ஜி.ஆரின் பிம்பம் குறித்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் வெளியிட்ட நூலும், மதுரையின் ஏழை மக்களுடைய சினிமா ஈடுபாடு குறித்து சாரா டிக்கி 1993-இல் வெளியிட்ட நூலும் மன்ற உலகத்தை நன்றாகவே ஆராய்ந்தவை. வீட்டுக்குள் இருந்த ஈர்ப்புக்கு அத்தகைய கவனம் கிடைக்கவில்லை. ஆனால் நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்கள் தம் இளமைக்காலச் சினிமாவைப் பேசத் தொடங்கினால் முதலில் வருவது பெரும்பாலும் இதுதான். கூடவே வருபவை, காதலும் கலாட்டாவுமாக ஓடிய இளமைப் படங்கள்.

அந்த வயது இவ்வளவு அழுத்தமாகப் பதிவதற்கு உளவியலில் ஓரளவு விடை உண்டு. முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே அதிகம் வருகின்றன என்பது பலமுறை கண்டறியப்பட்ட செய்தி. திரையிலும் வானொலியிலும் மட்டுமே அறிந்த ஒருவரை நெருங்கிப் பழகியவர்போல் உணரும் ஒருதலை உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-இலேயே எழுதினர். இவை எந்த நாட்டுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் இந்த ஈர்ப்புக்கு வடிவம் கொடுத்தது வேறொன்று. படம் ஊரைவிட்டுப் போய்விட்டால் அந்த முகத்தை மறுபடி பார்க்க வழியில்லாமல் இருந்தது. பார்க்க முடியாத நாட்களில் கைக்கு எட்டியது பாட்டும் அச்சுக் காகிதமும்தான். இன்று ஏக்கத்தோடு நினைக்கப்படுபவற்றில் பெரும்பகுதி, படத்தைவிட அந்தக் காத்திருப்பைச் சேர்ந்தது.

தொடக்கம் பேசும் படத்தின் முதல் பத்தாண்டிலேயே இருக்கிறது. 1934-இல் 'பவளக்கொடி'யில் அறிமுகமான எம்.கே. தியாகராஜ பாகவதர், குரலால் மட்டும் அல்லாமல் தோற்றத்தாலும் மயக்கிய முதல் தமிழ் நடிகர். பின்னால் வாரிவிட்ட அவருடைய தலைமுடி 'பாகவதர் கிராப்' என்ற பெயரில் ஊர் ஊராகப் பரவியது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே படத்தில் நடித்த டி.ஆர். ராஜகுமாரி அன்றைய இளைஞர்களின் கனவில் இடம்பிடித்தார். இருவரும் பெரும்பாலும் புராணத்திலும் ராஜா ராணிக் கதையிலும் வாழ்ந்தவர்கள். பார்ப்பவர்கள் தம்மைப்போல் சட்டை போட்டு, பஸ் ஏறி, காலேஜுக்குப் போகும் ஒருவரைத் திரையில் கண்டு மனம் பறிகொடுக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 'காதல் மன்னன்' என்று பெயர்பெற்ற ஜெமினி கணேசனிடம் அது தொடங்கியது. ஸ்ரீதர் முதன்முதலில் இயக்கிய 'கல்யாண பரிசு' 1959-இல் வந்தபோது, காதல் பக்கத்து வீட்டுச் சங்கதியாகிவிட்டது. அந்தக் கதையோ சோகமானது. சிரிப்பைத் தங்கவேலுவின் தனிப்பகுதி பார்த்துக்கொண்டது.

காதலும் சிரிப்பும் ஒரே கதையின் உடம்பாக ஆனது 1964-இல், அதே ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில். தமிழ் இளமைப் படங்களுக்கெல்லாம் தாய் இதுதான் என்பதில் ஐயம் தேவையில்லை. மலேயாவில் பிறந்த ரவிச்சந்திரனுக்கும், விமானப் பணிப்பெண்ணாக இருந்த காஞ்சனாவுக்கும் இது முதல் படம். கதை எளியது: எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனுக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக் முதலாளி வீட்டெதிரே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுகிறான். முதலாளியின் மகளோடு அவனுக்குள்ள காதலுக்குப் பெரியவரின் சம்மதத்தைப் பெற அவனுடைய நண்பன் வாசு பணக்காரத் தகப்பனாராக வேடம் போட்டு வருகிறான். வின்சென்டின் வண்ணப் படப்பிடிப்பில் ஆழியாறு அணைப்பக்கத்துப் பசுமையும், விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாட்டுகளும், கோபுவின் வசனமும் சேர்ந்து, ஊரில் கவலையே இல்லாத ஓர் இடம் இருப்பதாக நம்பவைத்தன.

இந்தப் படத்தில் ஒரு காட்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். பணம் தரவேண்டிய தந்தையாக டி.எஸ். பாலையா. கதையைச் சொல் என்கிறார் தந்தை. மகன் ஒரு பேய்க்கதையைச் சொல்லத் தொடங்குகிறான். திரையில் பேயும் இல்லை, வேறு காட்சியும் இல்லை. நாகேஷின் வாய் எழுப்பும் கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும், நாற்காலியில் இருந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக வெலவெலத்துப்போகும் பாலையாவின் முகமும்தான் மொத்தக் காட்சியும். சிரிப்புக்கு அடியில் அங்கே ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அதுவரை தமிழ்ப் படத்துத் தந்தை ஆணையிடுபவர், சபிப்பவர், அல்லது கண்ணீர் விடுபவர். மகன் சொல்லும் கதைக்குப் பயப்படும் தந்தை இங்கேதான் உருப்பெறுகிறார். இளமைப் படம் என்ற வகைக்கு அடிப்படை அந்தத் தளர்வு. வீட்டில் அப்பா முன்னால் உரக்கப் பேசப் பயந்த பிள்ளைகள், தியேட்டர் இருட்டில் அந்த அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சேர்ந்து சிரித்தார்கள். தெலுங்கில் 1965-இலும் இந்தியில் 1966-இலும் இந்தக் கதை மறுபடி எடுக்கப்பட்டது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்த வழியில் வந்த படங்கள் பல. அவற்றின் நாயகர்கள் பெரும்பாலும் பதின்ம வயதைக் கடந்தவர்கள். உண்மையான பதின்ம வயது திரைக்கு வந்தது 1979-இல், பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' மூலம். கிராமத்துப் பள்ளிக்கு வரும் புது டீச்சர் இந்துமதியிடம் மூன்று பையன்கள் மனத்தை இழக்கிறார்கள். அவர்களுக்கு அது காதலா, பாசமா, வயதின் தவிப்பா என்று தெரியாது. படமும் விளக்க முற்படாது. மூவரில் ஒருவன் இறந்துபோக, அந்தக் கோடை முடிகிறது. வளர்ந்து ஆளான ஒருவரின் நினைவாகவே கதை விரிவதால், இது ஈர்ப்பைப் பற்றிய படம், ஈர்ப்பின் நினைவைப் பற்றிய படமும்கூட. டீச்சராக நடித்த ஷோபா அந்தப் பையன்களைவிட அதிகம் மூத்தவரல்ல. மறு ஆண்டு மே மாதம் பதினேழாவது வயதில் அவர் மறைந்தார். அன்று அந்தப் படத்தைப் பார்த்த பையன்களுக்கு இந்துமதியின் முகம் அதே வயதில் நின்றுவிட்டது. வயதாகாத முகம் என்பது சினிமா எல்லாருக்கும் தருவதுதான். இங்கே அதை மரணமும் சேர்ந்து உறுதிசெய்தது.

1980-இல் 'ஒரு தலை ராகம்', 1981-இல் 'பன்னீர் புஷ்பங்கள்', 'அலைகள் ஓய்வதில்லை' என்று இளையோர் படங்கள் வரிசையாக வந்தன. ஊட்டிப் பள்ளி மாணவர்களாக வந்த சுரேஷும் சாந்தி கிருஷ்ணாவும், கடற்கரைச் சிற்றூரில் பூணூலையும் சிலுவையையும் அறுத்தெறிந்து நடந்த கார்த்திக்கும் ராதாவும், பார்ப்பவர்களின் வயதிலேயே இருந்தார்கள். கார்த்திக், 'காதலிக்க நேரமில்லை'யில் பொய்த் தகப்பனாராக வேடமிட்ட முத்துராமனின் மகன். தந்தை மறைந்ததும் மகன் அறிமுகமானதும் அதே 1981-இல். அந்த 1981 படங்கள் இரண்டுக்கும் இசை இளையராஜா. அந்தக் காலத்து ஈர்ப்புகளை நினைவுகூர்பவர்கள் யாரைச் சொன்னாலும் பின்னணியில் அவர் இசை இருக்கும். ஒரு முகத்தின் மேலுள்ள பிரியத்தில் எவ்வளவு முகத்துக்கு, எவ்வளவு பாட்டுக்கு என்று பிரித்துச் சொல்வது நேர்மையாகப் பார்த்தால் முடியாத காரியம்.

இதற்கு மோகனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபின் 'மைக் மோகன்' என்றே அவர் அழைக்கப்பட்டார். படத்துக்குப் படம் கையில் மைக்கோடு பாடகராக வந்தார். பாடிய குரல் பெரும்பாலும் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தினுடையது. பேசிய குரல், பெரும்பாலான படங்களில், எஸ்.என். சுரேந்தருடையது. ஆக, அன்றைய பெண்பிள்ளைகள் விரும்பிய அந்த மென்மையான இளைஞன், ஒரு முகமும் இரண்டு குரல்களும் சேர்ந்து உருவானவன். இது தெரிந்த பிறகும் அந்த விருப்பம் குறையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. நேசிக்கப்பட்டது, மூவரும் சேர்ந்து ஆக்கிய ஒருவன். நிஜத்தில் அப்படி ஒருவர் இல்லாததால் அவர் யாரையும் ஏமாற்றவும் இல்லை.

கார்த்திக்கின் வழி வேறு. 1986-இல் மணிரத்னத்தின் 'மௌன ராகம்' படத்தில் அவர் வருவது ஒரு பின்கதையில் மட்டும். நாயகி திவ்யாவின் திருமணத்துக்கு முந்தைய காதலனான மனோகர் சிறிது நேரமே திரையில் இருந்துவிட்டுச் சுடப்பட்டு இறக்கிறான். படத்தின் கணவர் மோகன். கதையின் நியாயம் முழுக்கக் கணவர் பக்கம் இருந்தும், பார்த்தவர்களின் நெஞ்சில் தங்கியவன் மனோகர். ஓட்டலில் திவ்யாவின் தந்தையை அப்பா என்றோ சார் என்றோ கூப்பிடாமல், "மிஸ்டர் சந்திரமௌலி" என்று உரக்கப் பெயர்சொல்லி அழைக்கும் அந்தத் துடுக்குத்தனம், பாலையாவை நடுங்கவைத்த நாகேஷின் நேர்வாரிசு. முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 2018-இல், அந்த அழைப்பே ஒரு படத்தின் தலைப்பாயிற்று. கார்த்திக்கும் அவர் மகன் கௌதமும் சேர்ந்து நடித்தார்கள்.

பெண் நட்சத்திரங்களின் மீதான ஈர்ப்பு இரண்டு விதமாக இயங்கியது. பையன்களுக்கு அது ஆசை. பெண்பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் அவரைப்போல் ஆகிவிடும் விருப்பம். 1985-இல் 'பூவே பூச்சூடவா'வில் நதியா வந்தபோது அது கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது. நதியா கம்மல், நதியா வளையல் என்று ஃபேன்சி ஸ்டோரில் கேட்டு வாங்கினார்கள். தமிழ் நாயகியிடம் அதுவரை அதிகம் காணாத ஒரு சுதந்திரம் அந்தத் துறுதுறுப்பில் இருந்தது. கம்மல் அதைத் தொட்டுக்கொள்ள ஒரு வழி. திருமணமாகிச் சினிமாவை விட்டுப்போன நதியா 2004-இல் 'எம். குமரன் சன் ஆஃப் மஹாலக்ஷ்மி'யில் தாயாகத் திரும்பினார். அன்று கம்மல் வாங்கியவர்களும் அதற்குள் தாய்மார்களாகியிருந்தார்கள். 'வருஷம் 16', 'சின்ன தம்பி' படங்களுக்குப் பின் குஷ்பு மேல் எழுந்த அலையோ வேறு அளவு. திருச்சிப் பக்கம் அவருக்குக் கோயில் கட்டிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. ஓட்டல் பலகைகளில் 'குஷ்பு இட்லி' ஏறியது. அந்த இட்லி இன்றும் பட்டியலில் இருக்கிறது.

முகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த சாதனங்களுக்கு இங்கே தனி இடம் கொடுக்க வேண்டும். மூத்தது பாட்டுப் புத்தகம். மலிவுத் தாளில் அச்சடித்து, தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற சிறு வெளியீடு அது. அட்டையில் நாயகன் நாயகி. உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள். கதைச் சுருக்கம் முக்கியமான கட்டத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். அடுத்தது பத்திரிகை. 'பேசும் படம்', 'பொம்மை', 'ஜெமினி சினிமா' ஆகியவை நட்சத்திரப் படங்களைப் பெரிதாக அச்சிட்டன. நடுப்பக்கத்துப் பின்னைப் பக்குவமாகக் கழற்றிப் படத்தை எடுப்பது ஒரு கைவேலை. வீட்டுக்குப் பத்திரிகை வாங்காதவர்களுக்குச் சலூன் இருந்தது, வாடகை நூல்நிலையம் இருந்தது. தை மாதம் நெருங்கினால் கடைத்தெருவில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் தொங்கும்: கரும்பும் பானையும் ஒருபக்கம், ரஜினியும் கமலும் ஸ்ரீதேவியும் ஒருபக்கம். யாருக்கு யார் படம் போட்ட அட்டையை அனுப்புவது என்பதில் பிள்ளைகள் பெரும் கவனம் செலுத்தினார்கள். அனுப்பாமல் தனக்கென்றே வாங்கி வைத்துக்கொண்டவையும் உண்டு.

ஒலியின் பக்கம் இலங்கை வானொலி பெரிய துணை. அதன் தமிழ் வர்த்தக சேவை, குறிப்பாகத் தென்மாவட்டங்களிலும் கடலோரத்திலும், உள்ளூர் நிலையங்களைவிடத் தெளிவாகக் கேட்டது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் வீட்டில் ஒருவராகிவிட்டன. விரும்பிக் கேட்டவர் பட்டியலில் தன் பெயரும் ஊரும் கடல்கடந்து ஒலிப்பதற்காக அஞ்சலட்டை எழுதியவர்கள் ஏராளம். விருப்பமான நட்சத்திரத்தின் பாட்டோடு தன் பெயரும் சேர்ந்து காற்றில் வருவது, அந்த ஈர்ப்புக்குக் கிடைத்த ஒரே பொது அங்கீகாரம்.

பிறகு காசெட் வந்தது. தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொண்டுபோய் ரெகார்டிங் கடையில் கொடுத்தால், அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ ஓடும் டிடிகே காசெட்டில் பதிந்து தருவார்கள். அந்தப் பட்டியல் தயாரிப்பது எளிய வேலையல்ல. எந்தப் பாட்டுக்குப் பின் எது, ஏ பக்கம் எதில் முடிய வேண்டும், கடைசியில் மிஞ்சும் இரண்டு நிமிடத்துக்கு எதைப் போடுவது என்று நாள்கணக்கில் யோசித்தார்கள். பலருக்கு அதுதான் எழுதி முடித்த முதல் காதல் கடிதம். அதில் சொந்த வார்த்தை ஒன்றுகூட இருக்காது. தொலைக்காட்சி இருந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' போடும்போது தெருவே உட்கார்ந்திருக்கும். எந்தப் பாட்டு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. நினைத்த முகம் வந்தால் வாரம் முழுக்க அது போதும். வராவிட்டால் அடுத்த வெள்ளி.

மன்றம் பையன்களுடையது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவுக் காட்சிக்குப் போகவும், வாசலில் கூடவும், விசில் அடிக்கவும் பையன்களுக்கு இடம் இருந்தது. பெண்பிள்ளை ஒருத்தி தனக்கு ஒரு நடிகரைப் பிடிக்கும் என்று வீட்டில் சொல்வதே பல குடும்பங்களில் கண்டிப்புக்குரியது. நடிப்பு பிடிக்கும், பாட்டு பிடிக்கும் என்று சொல்லலாம்; முகம் பிடிக்கும் என்று சொல்லக் கூடாது. ஆகவே பாட்டு நோட்டு உருவானது. வானொலியில் கேட்கக் கேட்க வரிகளை எழுதி, தவறவிட்ட வரிக்குப் புள்ளி வைத்து, அடுத்தமுறை ஒலிபரப்பாகும்போது நிரப்பி, ஓரத்தில் பத்திரிகையில் வெட்டிய சிறு படத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்தார்கள். தமிழ்நாட்டுச் சினிமா வரலாற்றில் பெண்களின் பங்கைத் தேடுபவர்கள் நாயகிகளோடும் பாடகிகளோடும் நின்றுவிடுவது சரியல்ல. இந்த நோட்டுகளும் அந்த வரலாற்றின் ஆவணங்கள்.

1990-களில் 'சாக்லேட் பாய்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. 1992 ஆகஸ்டில் வந்த 'ரோஜா', அரவிந்த் சுவாமியைத் தமிழ்க் குடும்பங்களின் கனவு மாப்பிள்ளையாக ஆக்கியது. சண்டையாலும் பஞ்ச் வசனத்தாலும் பெயர்பெற்றவரல்ல. மனைவியிடம் மரியாதையாகப் பேசும் படித்த இளைஞன். தாய்மார்களும் மகள்களும் ஒருசேர விரும்பியதால், முகம் பிடிக்கும் என்பதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்ல முடிந்த முதல் நட்சத்திரம் அவரே எனலாம். 1996-இல் கதிரின் 'காதல் தேசம்' அப்பாஸை அறிமுகப்படுத்தியது. நெற்றியில் விழும் அந்த முடி பல கல்லூரிகளில் தென்பட்டது. ஒரு பெண்ணை விரும்பும் இரு நண்பர்களில் யாரையும் அவள் தேர்ந்தெடுக்காமல் முடியும் அந்தப் படம், வினீத்தா அப்பாஸா என்ற வாக்குவாதத்தைப் பார்த்தவர்களிடமே விட்டுவிட்டது. கதிரின் முதல் படமான 'இதயம்' (1991) முரளியை நிரந்தரக் கல்லூரி மாணவராக்கியிருந்தது. 2010-இல் மகன் அதர்வா அறிமுகமான 'பாணா காத்தாடி'யில் முரளி அதே 'இதயம்' ராஜாவாக ஒரு காட்சியில் தோன்றினார். அடுத்த மாதம் அவர் காலமானார்.

2000 ஏப்ரலில் 'அலைபாயுதே' வந்தது. மாதவனுக்குத் தமிழில் முதல் படம். மின்சார ரயிலின் எதிரெதிர்ப் பெட்டிகளில் பார்வை மாறும் அந்தக் காதல், தினமும் தாம்பரம்–கடற்கரை ரயிலில் போய்வந்த பிள்ளைகளுக்குத் தங்கள் பெட்டியிலேயே நடப்பதாகத் தோன்றியது. அதே மாதத்தில் படத்தின் நாயகி ஷாலினி, நடிகர் அஜித்தை மணந்து நடிப்பை விட்டார். மறு ஆண்டு 'மின்னலே', மாதவனின் சிரிப்பையும் விவேக்கின் நகைச்சுவையையும் ஹாரிஸ் ஜெயராஜின் முதல் இசையையும் சேர்த்துக் கொடுத்தது. தனியார் தொலைக்காட்சி வந்து பாட்டுகள் நாள் முழுக்க ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. காத்திருப்பு குறையத் தொடங்கியதும் அப்போதுதான். 'துள்ளுவதோ இளமை' (2002), 'பாய்ஸ்' (2003) ஆகியவை பதின்ம வயதின் உடலை வெளிப்படையாகப் பேசின. அவை வேறு வகை.

2004-இல் ஒரே ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன: 'கில்லி'யும் சேரனின் 'ஆட்டோகிராஃப்'பும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகும் ஒருவன் தன் பழைய காதல்களை ஊர் ஊராகச் சந்திக்கும் 'ஆட்டோகிராஃப்'புக்குப் பிறகு, இளமை நினைவே தமிழில் ஒரு கதைவகை ஆயிற்று. அதன் உச்சம் 2018-இல் பிரேம்குமார் இயக்கிய '96'. தஞ்சாவூர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் பிரிந்த ராமும் ஜானுவும் இருபத்திரண்டு ஆண்டுக்குப் பின் ஓர் இரவு சந்திக்கிறார்கள். பாடகி எஸ். ஜானகியின் பெயர் வைக்கப்பட்ட ஜானகி தேவி, பள்ளி நாட்களில் என்ன கேட்டாலும் பாடுவாள். ராம் ஆசைப்பட்ட ஒரு பாட்டை மட்டும், 'தளபதி' படத்தில் வரும் அதை, பாடாமலே வைத்திருப்பாள். அந்த இரவில் அவன் வீட்டில் கரண்ட் போகும்போது, கேட்காமலே பாடுகிறாள். இருட்டில் விளக்கைத் தேடித் தடுமாறி ஓடிவரும் ராமின் பதற்றத்துக்கு வசனமே தேவைப்படவில்லை. ஜானுவாக நடித்தவர் திரிஷா என்பதில் இன்னொரு அடுக்கும் உண்டு. 'கில்லி' காலத்தில் அவரைப் பிடித்திருந்தவர்கள், தம் பழைய ஈர்ப்பைத் திரையில் முதிர்ந்த முகத்தோடு மறுபடி சந்தித்தார்கள்.

வாரிசுகளும் முதிர்ந்த முகங்களும் இந்த நினைவுக்கு அண்மைக்காலத்தில் நிறைய ஊட்டம் தந்திருக்கின்றன. 2013-இல் மணிரத்னத்தின் 'கடல்' படத்தில் கார்த்திக்கின் மகன் கௌதமும் ராதாவின் மகள் துளசியும் ஜோடியாக அறிமுகமானார்கள். பெற்றோர் ஜோடியாக அறிமுகமாகி அப்போது முப்பத்திரண்டு ஆண்டுகள். நீண்ட இடைவெளிக்குப் பின் அரவிந்த் சுவாமி திரும்பியதும் அதே படத்தில். பின்னர் 'தனி ஒருவன்' (2015) அவரை வில்லனாக்கியது. '96' எடுத்த பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024) அவரைச் சொந்த ஊருக்கு ஓர் இரவு திரும்பிவரும் மனிதராகக் காட்டியது. மோகன் 2024-இல் விஜய்யின் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில் எதிர்நாயகனாக வந்தார்.

பழைய படத்தை இன்று மறுபடி பார்ப்பவர்களுக்குச் சங்கடமும் நேர்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. விருப்பமில்லை என்று சொல்லும் பெண்ணை விடாமல் பின்தொடர்வதே காதல் என்று எத்தனையோ இளமைப் படங்கள் காட்டின. 'மின்னலே'யின் நாயகன், நாயகிக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லியே அவளிடம் பழகுகிறான். நிறத்தையும் பருமனையும் கேலிசெய்யும் நகைச்சுவைக்கும் குறைவில்லை. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, சினிமாக் காதலின் இந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் கடுமையாக விவாதிக்கப்பட்டது. அந்த விமர்சனம் நியாயமானது. அன்று சிரித்தவர்களில் பலர் இன்று மகளோடு உட்கார்ந்து அதே காட்சியைப் பார்க்கும்போது சிரிக்க முடியாமல் போகிறது. அதனால் பழைய அன்பு பொய்யாகிவிடாது. காட்சிக்கும் முகத்துக்கும் இடையில் ஒரு பிரிவினை ஏற்படுகிறது, அவ்வளவுதான். 'காதலிக்க நேரமில்லை' இந்தச் சோதனையில் மற்றவற்றைவிட நன்றாகத் தேறுவதற்குக் காரணம், அதன் கேலியில் பெரும்பகுதி பணமும் அதிகாரமும் உள்ள ஒரு தந்தையை நோக்கியது.

2024 ஏப்ரலில் 'கில்லி' தெளிவூட்டப்பட்ட பிரதியாக மறுபடி வெளியாகி, புதுப்படம்போல் அரங்குகளை நிறைத்தது. 'சச்சின்' 2025 ஏப்ரலில் அதேபோல் மறுபடி வந்தது. 2010-இல் வெளியான 'விண்ணைத்தாண்டி வருவாயா', சென்னை அண்ணாநகரில் ஒரு மால் திரையரங்கில் மறுவெளியீடாக ஆயிரம் நாட்களுக்கு மேல் ஓடியது. இந்தப் படங்கள் எல்லாம் கைப்பேசியில் எந்நேரமும் கிடைப்பவை. காசு கொடுத்துப் போகிறவர்கள் தேடுவது படத்தை அல்ல என்பது தெளிவு. அடுத்த வசனம் தெரிந்த முன்னூறு பேர் சேர்ந்து அதைச் சொல்வதும், பாட்டு வந்ததும் எழுந்து நிற்பதும் வீட்டில் கிடைக்காது. கூட்டத்தில் அந்தப் படங்கள் வந்தபோது பிறந்தேயிராதவர்களும் உண்டு. அவர்களுக்கு அது பெற்றோரின் இளமைக்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பு. பெண்கள் மேடைக்கருகே ஆடுவதும் விசில் அடிப்பதும் இந்த மறுவெளியீடுகளில் சாதாரணமாகியிருக்கிறது. முதல் வெளியீட்டில் அவர்களில் பலருக்கு வாய்க்காதது அது.

ஈர்ப்பின் பொருள்களில் அச்சானவை ஓரளவு பிழைத்திருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவற்றிலிருந்து உருவாகி 1994 முதல் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் சினிமா இதழ்களும் பாதுகாக்கப்படுகின்றன. 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன் தம் வாழ்நாள் முழுக்கத் திரட்டிய ஸ்டில்களும் தகவல்களும் இல்லாவிட்டால் தமிழ்ப் படங்களின் முழுப் பட்டியலே கிடைத்திராது. கையால் எழுதியவற்றின் நிலை வேறு. பாட்டு நோட்டுகள், காசெட் பட்டியல்கள், அனுப்பாத வாழ்த்து அட்டைகள் எல்லாம் இன்றும் பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கின்றன. ஈரம் பட்டால் காசெட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். மலிவுத் தாள் பழுப்பேறி மடிப்பில் உடையும். அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள். நோட்டைப் படமெடுத்து வைப்பதோடு, எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தத் தியேட்டர், ஓரத்தில் ஒட்டிய முகம் யாருடையது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவுசெய்வது கல்லூரித் தமிழ்த் துறைகளாலும் மாவட்ட நூலகங்களாலும் இன்றே தொடங்கக்கூடிய பணி.